கன்னத்தில் இருந்த ஆணி

என் ஓரகத்திக்கு 'ஆணிவாய்' என்று பட்டப்பேர் வைத்தது என் மாமனார். திட்டி வைத்த பேர் இல்லை, பிரியமாக வைத்தது. அவள் குஷன் பட்டறையில் வேலை செய்கிறவள். நாற்காலி, சோபா, வண்டி சீட்டு எதுவானாலும் கிழிந்த துணியைப் பிரித்துப் போட்டு, தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புதுப் பஞ்சு வைத்து, புதுத் துணி போர்த்தி அடித்துக் கொடுப்பாள். அந்த வேலையில் ஒரு கை துணியை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையில் சுத்தியல் இருக்கும். ஆணியை எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதற்குத்தான் வாய்.

ஒரு பிடி குட்டி ஆணியை வாயில் போட்டு இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். நாக்கால் ஒன்றைத் தள்ளி, தலை முன்னால் வரும்படி திருப்பி உதட்டில் நிறுத்துவாள். சுத்தியலின் ஒரு முனையில் காந்தம். அதை உதட்டருகே கொண்டுபோவாள், ஆணி ஒட்டிக்கொள்ளும், டொக் என்று மரத்தில் இறங்கும். அது இறங்குவதற்குள் அடுத்தது உதட்டுக்கு வந்திருக்கும். கண்ணால் பார்த்து முடியாது, அவ்வளவு வேகம். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "அக்கா, வாயை மூடுங்க, ஆணி உங்க வாய்க்குத் தாவிடப் போகுது" என்பாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்ததே அந்த ஆணியால்தான். என் கொழுந்தன், அதாவது என் கணவரின் தம்பி, சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். வேன் சீட்டு கிழிந்துபோய் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டானாம். அவள் பதில் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டினாளாம். "ரெண்டு நாளா?" தலையாட்டினாள். "நல்ல துணியா போடுவீங்களா?" அதற்கும் தலையாட்டினாள். என்ன கேட்டாலும் குனிந்த தலை நிமிரவில்லை. இவன் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்:

"அண்ணி, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா! அஞ்சு கேள்வி கேட்டேன், ஒரு வார்த்தை பேசலை. அவ்வளவு அடக்கம்."

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, அன்னைக்கு அவ வாயில ஆணி இருந்திருக்கு. எனக்குத் தெரியாம போச்சே! காலையில எழுந்ததுலேர்ந்து நிறுத்தாம பேசறா." நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

வாய் இப்படி என்றால் காது வேறு கதை. அவளுக்கு இடது காது சரியில்லை. ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து காதில் சீழ் வைத்ததாம். அதிலிருந்து வருவதும் போவதுமாக ஒழுகிக்கொண்டே இருந்தது. செவிப்பறையில் ஓட்டை. அந்தக் காது பாதிதான் கேட்கும். நடக்கும்போது எப்போதும் நமக்கு இடது பக்கமாக வருவாள், அப்போதுதான் அவளுடைய வலது காது நம் பக்கம் இருக்கும். எங்கள் குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கள், அத்தனையிலும் அவள் ஒரே ஓரத்தில்தான் நிற்பாள். படம் எடுக்கிறவர் "ரெடி" என்று சொல்வது கேட்க வேண்டுமே.

ஒழுகுவதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. பட்டறையில் பஞ்சுக்குப் பஞ்சமா? ஒரு துளி கிள்ளி உருட்டிக் காதில் செருகிக்கொள்வாள். நனைந்தால் எடுத்துவிட்டு வேறு வைப்பாள். இதே வேலை இருபது வருடத்துக்கு மேல். வாடை வரும். வராமலிருக்க மேலே ஒரு சொட்டு வாசனை எண்ணெய் தடவுவாள். நான் மோந்து பார்த்துக் கண்டுபிடித்தவள்தான், ஆனாலும் கேட்டதில்லை. கேட்டால் கூசிப்போவாளே.

ஒருமுறை மட்டும் தாங்காமல் கேட்டேன். "ஏம்மா, டாக்டர்கிட்ட காமிச்சா என்ன? ஆபரேஷன் பண்ணிட்டா போயிடுமாமே?"

"பண்ணிட்டு? மாமா மாதிரி ஆகவா?"

அவள் சொன்ன மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் பயம் உங்களுக்கு விளங்காது.

என் மாமியாருக்கு நான்கு தம்பிகள். மூத்தவர் அச்சாபீஸ், அடுத்தவர் இரும்புக்கடை, மூன்றாமவர் ஊர் ஊராகப் போய் கடிகாரம் விற்றவர். கடைசித் தம்பியைத்தான் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவருக்கு முப்பது வயதிருக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், விசிலடித்தே பாட்டு முழுவதையும் பாடுவார். அவருக்கும் இதே காதுக் கோளாறு. ஆபரேஷன் செய்தார்கள். சீழ் நின்றது, காது காய்ந்தது, எல்லாம் சரி. ஆனால் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஒரு கண் மூடாது. வாய் கோணிப்போய், தண்ணீர் குடித்தால் ஓரமாக வழியும். கடைசிவரை கையில் கைக்குட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. விசில் போன இடம் தெரியவில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர், மாமாவைப் பார்க்க வீட்டுக்கே இரண்டு முறை வந்தார். அவர் என்ன செய்வார்? காதுக்குப் பின்னால் இருப்பது எலும்பு. அதற்குள் எது எங்கே ஓடுகிறது என்பது திறந்த பிறகுதான் அந்தக் காலத்தில் தெரியும். முகத்தை ஆட்டுகிற நரம்பு அந்த எலும்புக்குள்தான் போகிறதாம். நோய் அரித்து அது வெளியே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. கத்தி போய்ப் பட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

அந்த மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் என் ஓரகத்தி கல்யாண விருந்து சாப்பிட்டாள். அவர் வாயிலிருந்து சோடா வழிந்ததையும், சட்டென்று முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டதையும் பார்த்தாள். அன்றைக்கு விழுந்த பயம்.

"அக்கா, எனக்கு அந்த மாதிரி வாய் கோணிச்சுன்னா ஒரு ஆணி நிக்குமா? எல்லாம் மடியில கொட்டிடும். காது போனா போகட்டும், இன்னொண்ணு இருக்கு. வாய் ஒண்ணுதான் இருக்கு எனக்கு."

இப்படியே வருடங்கள் போயின. பட்டறை முதலாளி ஒரு புது சாமான் வாங்கினார். காற்றில் ஓடும் துப்பாக்கி. ஆணிக்குப் பதிலாகக் கம்பிப் பின்னை அடிக்கும். மெல்லிய துணிக்கு, உட்புறத்துக்கு எல்லாம் அதுதான் சுலபம். அவளுக்கும் அதன் மேல் கோபமில்லை, ஆளுக்கொரு வேலை என்று வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒருவர் துப்பாக்கியால் அடிப்பார், விளிம்புக்கு இவள் ஆணி அடிப்பாள். ஆனால் அது டப் டப் என்று இடது காதருகே வெடிக்கும்போதெல்லாம் இவளுக்குத் தரை சாய்ந்தது. சுவர் சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நொடியில் சரியாகிவிடும்.

"அந்தத் துப்பாக்கியில ஏதோ இருக்கு, அதுலேர்ந்து வர்ற காத்து தலையைச் சுத்த வைக்குது" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை விற்றவரிடம் இரண்டு முறை எடுத்துப்போய்க் காட்டினார். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் நடுப்பகலில் முதலாளியே அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். நெற்றியில் வீக்கம். சோபாவோடு சோபாவாக விழுந்திருக்கிறாள்.

"அம்மா, இது துப்பாக்கி கோளாறு இல்லைம்மா" என்றார் அவர் என்னிடம். "நாங்க எட்டுப் பேர் அங்க நிக்கறோம், எங்க யாருக்கும் சுத்தலையே."

"உங்களுக்கெல்லாம் தலையில ஏதாவது இருந்தாத்தானே சுத்தறதுக்கு" என்றாள் இவள், படுத்த வாக்கிலேயே.

"பார்த்தீங்களா, வாய்க்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றைக்கு என் கொழுந்தன் முதல் முறையாக அவளை அதட்டினான். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்காத குரல். "நாளைக்கு டாக்டர். நீ நடந்து வர்றியா, நான் வேன்ல ஏத்திக் கட்டட்டுமா?" அவள் நடந்தே வந்தாள். நானும் போனேன்.

காது டாக்டரம்மா குள்ளமாக இருப்பார். நாற்காலியை உயர்த்தி வைத்து, கால் தரையில் படாமல் உட்கார்ந்திருப்பார். காதுக்குள் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய இடுக்கியால் எதையோ வெளியே இழுத்தார். பச்சையும் பழுப்புமாக ஒரு உருண்டை.

"இது என்ன பஞ்சு?"

"சோபா பஞ்சு" என்றாள்.

"சோபா பஞ்சா? எந்த சோபா?"

"அது எப்படிங்க சொல்றது? இந்த நிறத்துக்கு வந்துருக்குன்னா போன வருஷத்து சோபாவா இருக்கும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உறிஞ்சும் குழாயை வைத்துச் சுத்தம் செய்தார். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். காதுத் துவாரத்தை அடைத்தாற்போல விரலை வைத்து லேசாக அழுத்தினார். இவளுக்குக் கண்மணி இரண்டும் ஒரு பக்கமாக ஓடின, தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா விரலை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். வெறும் ஓட்டை மட்டும் இல்லை. செவிப்பறையின் மேல் மூலையில் தோல் உள்ளே மடிந்துபோய்ப் பை மாதிரி வளர்ந்திருக்கிறது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிற எலும்பை அரித்துக்கொண்டே போகும். சொட்டு மருந்தில் போகாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். விட்டால் மூளைப் பக்கம் போகும்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "என் வாய் கோணுமா?"

"முதல்ல சி.டி. ஸ்கேன் எடுங்க. எனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும். அது தெரியாம நான் கத்தியைத் தொட மாட்டேன்."

"ஸ்கேன் எடுத்தா ஆபரேஷன் பண்ணிக்கணும்னு கட்டாயமா?"

"படம் எடுக்கறதுக்கும் கையெழுத்துப் போடறதுக்கும் சம்பந்தமில்லை. பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

அந்த ஒரு வாக்குக்காகத்தான் ஒப்புக்கொண்டாள். வழியெல்லாம், "படம் எடுப்பேன், அவ்வளவுதான். ஆபரேஷன் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று எங்கள் இரண்டு பேரிடமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் நாளன்று மதியம் பட்டறையிலிருந்து நேராக வந்தாள். ஒரு நாற்காலிக்கு விளிம்பு பாக்கியாம், முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். ஸ்கேன் அறைக்கு வெளியே நடையில் ஒரு மர பெஞ்சு. அதன் மெத்தை நடுவில் கிழிந்து, மஞ்சள் ஃபோம் பிதுங்கிக்கொண்டிருந்தது. உட்காருகிறவர்கள் எல்லாம் சும்மா இருக்காமல் அதைக் கிள்ளிக் கிள்ளிக் குழி பண்ணியிருந்தார்கள். இவள் உட்காரவே இல்லை. குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "கட்டை நல்லா இருக்கு அக்கா. மேல்தான் போச்சு. எவனோ பசை வச்சு ஒட்டியிருக்கான்" என்றாள். நான் சொன்னேன், "உன் காதைப் பார்க்க வந்தியா, பெஞ்சைப் பார்க்க வந்தியா?"

ஸ்கேன்காரர் வந்தார். வழுக்கைத் தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த மனிதர். தோடு, கொண்டை ஊசி, உடம்பில் உலோகம் எது இருந்தாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு வரும்படி சொன்னார். "பல் செட்டு இருக்கா? வேற ஏதாவது?" எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஊசி கீசி ஒன்றும் இல்லை, பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தால் போதும் என்றார்.

கதவு சாத்தி ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ஸ்கேன்காரர் பக்கத்து அறையிலிருந்து வேகமாக வெளியே வந்தார்.

"யாரு அவங்க கூட வந்தது? அந்தம்மா எதையாவது முழுங்கிட்டாங்களா?"

அவர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முழுப் படம் எடுப்பதற்கு முன் தலையின் நிழல் மாதிரி ஒரு படம் எடுத்து அளவு பார்ப்பார்களாம். அதில் மண்டையோடு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. தாடைக்குப் பக்கத்தில், பளிச்சென்று வெள்ளையாக, தலையும் முனையுமாக அச்சு அசலான ஒரு ஆணி.

"ஒண்ணு இல்லை, ரெண்டு" என்றார் அவர். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு.

எனக்கு உயிர் வந்தது. "அது முழுங்கினது இல்லைங்க. கன்னத்துல வச்சிருப்பா. சாப்பிடும்போது மட்டும்தான் எடுப்பா."

"என்னது? எதுக்கு?"

"அவளுக்கு அது வழக்கம்."

கதவைத் திறந்தார். அவள் அந்தப் பெரிய வளையத்துக்குள் தலையை வைத்து, சொன்னபடி ஆடாமல் அசையாமல் கிடந்தாள். "அம்மா, உலோகம் எதுவும் இல்லைன்னு தலையாட்டினீங்களே?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். விரலைக் கன்னத்துக்குள் விட்டு ஒன்றை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஐயா, மன்னிச்சுக்குங்க. இது எனக்குப் பல் மாதிரி. இருக்கறதே தெரியாது."

"இன்னும் உள்ள எத்தனை இருக்கு? சுத்தியல் கித்தியல் ஏதாவது?"

"அது பட்டறையிலயே இருக்குங்க" என்றாள், பவ்யமாக.

டார்ச் அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னமும் பார்த்த பிறகுதான் மறுபடி படுக்க வைத்தார். ஆணிகளை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவள் அப்படியே எழுந்து போயிருப்பாள். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா படத்தைக் கணினியில் போட்டுக் காட்டினார். ரொட்டியை வெட்டுகிற மாதிரி தலையை மெல்லிய மெல்லிய துண்டாக வெட்டிப் பார்க்கிற படமாம் அது. எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு.

"இது உங்க நல்ல காது. எலும்புக்குள்ள சின்னச் சின்னக் கறுப்பு அறையா இருக்கு பாருங்க, தேன்கூடு மாதிரி. அதெல்லாம் காத்து. இங்க நடுவுல கோன்ல வச்ச ஐஸ்கிரீம் மாதிரி தெரியுதா? அது கேக்கறதுக்கான குட்டி எலும்புங்க."

"ஆமா, தெரியுது."

"இப்ப இடது காது. காத்தே இல்லை, எல்லாம் சாம்பலா அடைஞ்சிருக்கு. ஐஸ்கிரீம் இருக்கு. கோன் எங்க?"

"இல்லையே! யார் தின்னது?"

"அந்தத் தோல் பை. அதுதான் தின்னிருக்கு."

அடுத்து இன்னொரு துண்டைக் காட்டினார். வளையமாக ஒரு குழாய். நாம் நேராக நிற்பதற்கு அதுதான் காரணமாம். அதன் சுவரில் ஓரிடம் கரைந்துபோயிருந்தது. "துப்பாக்கிச் சத்தத்துல உங்களுக்கு ஏன் சுத்துதுன்னு இப்ப புரியுதா? சத்தம் இந்த ஓட்டை வழியா அந்தக் குழாயை ஆட்டுது."

"ஐயோ, முதலாளியை எவ்வளவு பேசிட்டேன்!" என்றாள் அவள்.

கடைசியாக டாக்டரம்மா பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார். "இது முகத்தை ஆட்டற நரம்பு போற வழி. சுத்தி எலும்பு மூடி இருக்கணும். வலது பக்கம் இருக்கு. இடது பக்கம் இந்த இடத்துல மூடி இல்லைன்னு நினைக்கறேன். நோய் அதன் மேலயே உட்கார்ந்திருக்கு."

என் கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்க்கவே பயந்தேன். இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. மாமாவுக்கு ஆனது இதுதானே?

அவள் எழவில்லை. திரைக்குக் கிட்டே போனாள். "இவ்வளவுதானா? நூல் மாதிரில்ல இருக்கு" என்றாள். பிறகு கேட்டாள், "அதைத் தொடாம எடுப்பீங்களா?"

"தொட மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்துல போய்த்தான் ஆகணும். படத்துலயும் எல்லாமே தெரியாது. இந்த சாம்பல்ல எது சீழ், எது தோல்னு திறந்தாத்தான் தெரியும். ஆனா நரம்பு இங்க வெறும் மேனியா கிடக்கலாம்னு தெரிஞ்சு போறது ஒண்ணு, தெரியாம போறது ஒண்ணு. இந்த இடத்துக்கு வரும்போது என் கை தானா மெதுவாயிடும். நரம்புகிட்ட போனா கூவற ஒரு கருவியும் மாட்டி வைப்பேன்."

அவள் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயில் ஆணி இல்லாமல் அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"பழைய சோபா பிரிக்கறப்ப நானும் முதல்ல கத்தி வைக்க மாட்டேங்க. மேல கையை வச்சு அழுத்தி, ஸ்பிரிங் எங்க இருக்கு, எது அறுந்து நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் வைப்பேன். இல்லைன்னா கையைக் கிழிச்சுடும்" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்கே தெரியாம என் கன்னத்துல இருந்த ஆணியை அந்தப் படம் கண்டுபிடிச்சுது. இந்த நரம்பையா விட்டுடும்? மாமாவுக்கு இந்தப் படம் எடுக்க வழியில்லை. எனக்கு இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஆபரேஷன் காலை எட்டரைக்கு. எனக்கும் கொழுந்தனுக்கும் வேறு இடம் கிடைக்காமல் அதே கிழிந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். அவன் ஃபோமைக் கிள்ளிக்கொண்டிருந்தான். நான் கையில் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நானே கிள்ளிக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "பையை முழுசா எடுத்தாச்சு. சுத்தற குழாய்ல இருந்த ஓட்டையை மூடியாச்சு. எல்லாம் படத்துல பார்த்த இடத்துலயே இருந்தது. நரம்பு மட்டும் நான் நினைச்சதைவிட அதிக நீளத்துக்கு மூடியில்லாம கிடந்தது. முன்னாடியே சந்தேகம் இருந்ததால அந்த இடத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டேன்."

"வாய்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"அது எழுந்தாத்தான் தெரியும். வாங்க."

தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. அரை மயக்கம். டாக்டரம்மா குனிந்து, "கண்ணை இறுக்கி மூடுங்க" என்றார். இரண்டு கண்ணும் மூடியது. "இப்ப பல்லைக் காட்டிச் சிரிங்க."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மறுபடி சொன்னார். அவள் இடது கன்னத்தை மெல்ல உள்ளே இழுத்தாள். நாக்கு உள்ளே புரள்வது தெரிந்தது. உதட்டைக் குவித்தாள். 'ப்' என்று ஒரு சின்ன ஓசை. மறுபடி கன்னம், நாக்கு, உதடு, 'ப்'.

"இது என்னது? இப்படி ஒரு பரீட்சை நான் சொல்லித்தரலையே" என்றார் டாக்டரம்மா.

"ஆணி எடுத்துக் கொடுக்கறா, டாக்டர்" என்று சொன்னான் என் கொழுந்தன். சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இறந்தபோது அழுதவன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதான்.

எல்லாமே சுகமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். கோன் போன காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, செயற்கையாக ஒரு துண்டு வைக்கலாமா என்று யோசிக்கலாம் என்றார் டாக்டரம்மா. வைத்தார்கள், இப்போது கொஞ்சம் பரவாயில்லை. காதில் தண்ணீர் போகக் கூடாது. துப்பாக்கி வெடித்தால் தலை சுற்றுவதில்லை, முதலாளியிடம் போய் நேராக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். நாக்கின் இடது பக்கத்தில் மட்டும் மாசக்கணக்கில் ஒரு இரும்பு ருசி. ருசி நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறதாம், அது பையோடு சிக்கியிருந்ததால் வெட்டிவிட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா வருத்தப்பட்டுச் சொன்னபோது இவள், "அதுக்கென்னங்க, இருபத்தஞ்சு வருஷமா அங்க இரும்புதானே இருந்தது. இப்ப ஆணி வைக்காமலே ஆணி ருசி வருது, லாபம்தான்" என்றாள். காது காய்ந்துவிட்டது. வாடை இல்லை. வாசனை எண்ணெய்ப் புட்டி அப்படியே அலமாரியில் நிற்கிறது.

ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரமே டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, வேலைக்குப் போகலாம் என்று சொன்னார். நாங்கள் வெளியே வந்தோம். கொழுந்தன் வேனைத் திறந்து ஒரு சுருட்டு பச்சை ரெக்சினும் புது ஃபோமும் அவளுடைய பையும் இறக்கினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள், டாக்டரம்மாவிடமும் ஏற்கனவே கேட்டாகிவிட்டது. நேராக ஸ்கேன் அறை வாசலுக்குப் போனார்கள்.

ஸ்கேன்காரர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "முதல்ல வாயைத் திறங்க" என்றார்.

திறந்து காட்டினாள். காலி. "இப்பதான் போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, பழைய துணியைப் பிரித்தாள். ஸ்கேன் நாளிலிருந்து என் கைப்பையிலேயே கிடந்த மடித்த காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். அன்றைக்கு அவள் கன்னத்திலிருந்து வந்த அந்த இரண்டு ஆணி. பையிலிருந்து மேலும் ஒரு பிடி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் மூச்சுவிடாமல் அவள் உதட்டையே பார்த்தேன். கன்னம், நாக்கு, உதடு, காந்தம், டொக். அடுத்தது. அதற்கடுத்தது. மடியில் ஒன்றும் கொட்டவில்லை.

அந்த வழியாக வந்த நர்ஸ் ஒருத்தி நின்று பார்த்தாள். "எங்க பெஞ்சுக்கா இவ்வளவு அழகா பண்றீங்க? யார் சொன்னாங்க? எவ்வளவு நேரமாகும்?" என்று அடுக்கினாள். என் ஓரகத்தி குனிந்த தலை நிமிராமல் ஒரு விரலைக் காட்டினாள்.

"பாவம், ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க. ரொம்ப அடக்கமானவங்க போலிருக்கு" என்றாள் நர்ஸ் எங்களிடம்.

"ஆமாங்க" என்றான் என் கொழுந்தன், என் முகத்தைப் பார்க்காமல். "நானும் அதைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்."